சேற்றில் இறங்கும் வேலைக்கு எதைப் படிப்பது?

மலேசியாவில், சிலாங்கூர் மாநிலத்துப் புக்கிட் ரோத்தானிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்:

"ஆறாம் படிவ எஸ்.டி.பி.எம். தேர்வு எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கிறேன். உயிரியல், வேதியியல், கணிதம் எடுத்தேன். அப்பா செம்பனைத் தோட்டத்தில் மதகையும் வாய்க்கால்களையும் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறார். கடலோரக் காடுகளை மீட்கும் வேலைக்குப் போக எனக்கு ஆசை. நான்காம் படிவத்தில் பள்ளியிலிருந்து எங்களைக் கடற்கரைக்குக் கூட்டிப்போனார்கள். தண்ணீர் வற்றியிருந்தபோது சேற்றில் வெகுதூரம் நடந்துபோய் பாக்காவ் எனும் அலையாத்தி மரக் கன்றுகள் நட்டோம். இரண்டு வருடம் கழித்துப் போய்ப் பார்த்தேன், ஒன்றுகூட இல்லை. இப்படி வீணாகிற வேலைக்கா படிக்கப் போகிறோம் என்று பயமாக இருக்கிறது. வீட்டில் தாதியர் படிப்புக்குப் போகச் சொல்கிறார்கள். 'சேற்றில் இறங்கவா உன்னைப் படிக்க வைத்தேன்?' என்று அப்பா கேட்கிறார். இந்தத் துறையில் உண்மையிலேயே வேலை இருக்கிறதா? எதைப் படிக்க வேண்டும்? அப்பாவிடம் என்ன சொல்வது?"

அன்புத் தங்கைக்கு வணக்கம்.

வேலை இருக்கிறது. நான் ஜெராம் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள். கடலோரச் சுற்றுச்சூழல் ஆலோசகராகப் பல வருடமாக இதே கரையில்தான் நடந்துகொண்டிருக்கிறேன். அதனால் இதை உறுதியாகச் சொல்ல முடியும். ஆனால் அந்த வேலை கன்று நடுவதாக மட்டும் இருக்காது. பெரும்பாலான நாள்களில் கன்றே கையில் இருக்காது. அதனால் படிப்பைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் உங்கள் கன்றுகள் ஏன் செத்தன என்பதைப் பேசிவிடுவோம். நீங்கள் கேட்ட மற்ற எல்லாவற்றுக்கும் பதில் அதற்குள்தான் இருக்கிறது.

"தண்ணீர் வற்றியிருந்தபோது சேற்றில் வெகுதூரம் நடந்துபோய்" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த இடத்தை நான் பார்க்கவில்லை என்றாலும், முதலில் சந்தேகப்பட வேண்டியது அதைத்தான். சிலாங்கூர் கரையில் கடல் ஒரு நாளில் இரண்டு முறை ஏறி இரண்டு முறை இறங்குகிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் இடையே 4 மீட்டருக்கும் மேல் வித்தியாசம் வரும். இந்த 4 மீட்டரில் எந்த உயரத்திலும் அலையாத்தி மரம் வளர்ந்துவிடாது. பொதுவாகக் கடலின் சராசரி மட்டத்துக்கு மேலே தொடங்கி, பெரிய ஏற்றம் வந்து தொடும் எல்லை வரைதான் அதன் இடம். அதற்குக் கீழே நட்டால் நாளில் பாதிக்கும் அதிகமான நேரம் கன்று தண்ணீருக்குள் கிடக்கும். வேர் மூச்சுவிட முடியாது. தண்டில் கொட்டலசு எனும் சிப்பிப்பூச்சிகள் மொய்த்துக்கொள்ளும், அந்தக் கனத்தோடு அலையும் அடிக்கும்போது கன்று சாய்ந்துவிடும். நட்ட முதல் சில மாதங்களில் எல்லாம் பச்சையாகத்தான் இருக்கும். பாக்காவ் நெற்று தன்னிடம் சேமித்துவைத்த உணவிலேயே கொஞ்ச காலம் இலைவிடும். படம் எடுக்க வருகிறவர்கள் பார்ப்பது அதைத்தான்.

இது புதிதாகக் கண்டுபிடித்த விஷயமே இல்லை. வாட்சன் என்ற வன அதிகாரி 1928லேயே நம் தீபகற்பத்தின் அலையாத்திக் காடுகளை ஆராய்ந்து, ஏற்றநீர் எவ்வளவு அடிக்கடி வந்து தொடுகிறது என்பதை வைத்து நிலத்தை ஐந்து வகையாகப் பிரித்தார். எல்லா ஏற்றத்திலும் மூழ்கும் நிலம் ஒரு முனை, ஆண்டில் எப்போதாவது பெரிய ஏற்றத்தில் மட்டும் நனையும் நிலம் மறுமுனை. ஒவ்வொரு வகைக்கும் அதற்கான மரம் உண்டு. நம் கரையில் கடலைப் பார்த்து முதல் வரிசையில் தானாக முளைத்து நிற்பது பெரும்பாலும் அப்பி-அப்பி மரம்தான். பாக்காவ் அதற்குப் பின்னால் வரும். ஆற்றோரத்தில், உப்புக் குறைந்த இடத்தில் பெரெம்பாங். கம்போங் குவாந்தானில் மின்மினிகள் கூடுவது அந்த மரத்தில்தான். இந்த வரிசையைப் பார்க்காமல், கைக்கு எளிதாகக் கிடைக்கிறது, நெட்டையாக இருப்பதால் மாணவர்கள் சுலபமாகக் குத்தி நடலாம் என்ற காரணங்களுக்காக எல்லா இடத்திலும் பாக்காவையே நடுகிறார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நீங்கள் நடந்துபோன அந்தச் சேற்றுவெளி வெறும் நிலமில்லை. கெராங் சிப்பி வளர்வது அதில்தான். சைபீரியாவிலிருந்து தெற்கே போகும் உள்ளான் பறவைகள் இறங்கி இரை தேடுவதும் அதில்தான். ஒருவேளை உங்கள் கன்றுகள் பிழைத்திருந்தாலும், ஒன்றை அழித்து மற்றொன்றை வளர்த்ததாகவே அது ஆகியிருக்கும். அதனால் அவை செத்ததற்காக வருத்தப்படலாம், அதை வைத்து இந்தத் துறையையே எடைபோட வேண்டாம்.

அப்படியானால் ஏன் எல்லோரும் அங்கேயே போய் நடுகிறார்கள்? மேட்டில் இருக்கும் நிலத்துக்கு ஒரு சொந்தக்காரர் இருக்கிறார். தோட்டம், இறால் குளம், வீடமைப்பு, ஏதோ ஒன்று. சேற்றுவெளியைக் கேட்க ஆளில்லை. கடலோரத் தோட்டங்கள் பலவும் ஒரு காலத்தில் சதுப்பாக இருந்த நிலம்தான். மண்கரை கட்டி, வாய்க்கால் வெட்டி, மதகு வைத்துத் தண்ணீரை வடித்த பிறகு அங்கே ரப்பரும் தென்னையும் வந்தன, பின்னர் செம்பனை வந்தது. அந்த மண்கரைக்கு வெளியே எஞ்சியிருந்தது ஒரு பட்டைக் காடு. கடல்மட்டம் உயர உயரக் காடு தன்னால் நிலத்தை நோக்கிப் பின்வாங்கும், ஆனால் பின்னால் மண்கரை நிற்கிறது. முன்னால் கடல் அரிக்கிறது, பின்னால் வழியில்லை. காடு மெலிந்து கடைசியில் அலை நேராக மண்கரையில் மோதும்போது, மோதித் திரும்பும் அலை காலடிச் சேற்றையும் சுரண்டிக்கொண்டு போய்விடும். அதன் பிறகு அங்கே எத்தனை ஆயிரம் கன்று நட்டாலும் நிற்காது.

1984-85இல் நாடு முழுவதும் கரை அரிப்பு பற்றி எடுத்த ஆய்வில், நம் கடற்கரையில் ஏறத்தாழ 30 விழுக்காடு அரிப்புக்கு ஆளாகியிருப்பது தெரியவந்தது. அதைத் தொடர்ந்து 1987இல் வடிகால் நீர்ப்பாசனத் துறையில், நாம் ஜே.பி.எஸ். என்று சொல்வதில், கடலோரப் பொறியியலுக்கென்றே ஒரு மையம் அமைத்தார்கள். அப்புறம் 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை. நம் நாட்டில் இறந்தவர்கள் 68 பேர், பெரும்பாலும் பினாங்கிலும் கெடாவிலும். அடுத்த ஆண்டே அரசாங்கம் கடலோர மரம் நடும் தேசியத் திட்டத்தைத் தொடங்கியது. வனத்துறையும் கெப்போங்கில் இருக்கும் ஃப்ரிம் வன ஆய்வுக்கழகமும் அதில் இறங்கின. நம் பக்கத்து மாவட்டமான சபாக் பெர்ணமில், சுங்கை ஹாஜி டோரானியில், முதலில் கடலுக்குள் மணல் நிரப்பிய பெரிய துணிக்குழாய்களைப் போட்டு அலையின் வேகத்தைக் குறைத்து, சேறு படியவிட்டு, அதன் பிறகு கன்றைப் பற்றி யோசித்தார்கள். நேரம் கிடைத்தால் ஒருமுறை அங்கே போய்ப் பாருங்கள். எது நின்றது, எது நிற்கவில்லை என்பதை உங்கள் கண்ணாலேயே பார்க்கலாம்.

தமிழ்நாட்டில் பிச்சாவரத்தில் நடந்ததும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அங்கே பழைய காலத்தில் காட்டைப் பகுதி பகுதியாக மொட்டையடித்து வெட்டினார்கள். வெயில்பட்டு மண் இறுகித் தாழ்ந்தது, ஏற்றத்தில் வந்த நீர் வடியாமல் தேங்கியது, உப்பு ஏறி மரம் முளைக்காமல் போனது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களில் வனத்துறையோடும் கிராம மக்களோடும் சேர்ந்து அங்கே மீன்முள் வடிவத்தில் வாய்க்கால்கள் வெட்டியது. நடுவில் ஒரு பெரிய வாய்க்கால், இரண்டு பக்கமும் சாய்வாகச் சின்ன வாய்க்கால்கள். ஏற்றநீர் உள்ளே வந்து இறக்கத்தில் வடிந்து போகத் தொடங்கியதும் காடு திரும்ப வந்தது. கன்று நட்டார்கள்தான், ஆனால் காட்டைக் கொண்டுவந்தது தண்ணீர்.

இப்போது உங்கள் அப்பா செய்யும் வேலையை யோசித்துப் பாருங்கள். கடல் இறங்கும்போது மதகைத் திறந்து தோட்டத்து நீரை வெளியே விடுகிறார், ஏறுவதற்கு முன் அடைக்கிறார். எந்த மாதத்தில் ஏற்றம் பெரிதாக வரும், எந்த வாய்க்கால் தூர்ந்துபோகும், எங்கே மண்கரை கசிகிறது, எந்தத் திட்டில் வாய்க்கால் நீர் துருநிறமாக ஓடுகிறது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். சதுப்பு மண்ணுக்குள் கந்தகமும் இரும்பும் சேர்ந்த ஒரு கனிமம் இருக்கிறது. தண்ணீருக்குள் இருக்கும்வரை அது தொல்லை தராது. நிலத்தை அளவுக்கு மீறி வடித்துக் காற்றுப் பட்டால் அமிலமாக மாறி மீனையும் பயிரையும் கெடுக்கும். துருநிற நீர் அதன் அடையாளம். தோட்டத்தில் வேலை பார்த்தவர்களுக்கு எவ்வளவு ஆழத்துக்கு மேல் வடிக்கக்கூடாது என்பது அனுபவத்தில் தெரியும். பல்கலைக்கழகத்தில் இதற்கெல்லாம் பெரிய பெரிய பெயர்கள் இருக்கும். நீங்கள் பாதிப் பாடத்தை வீட்டிலிருந்தே எடுத்துக்கொண்டு போகிறீர்கள்.

சரி, படிப்புக்கு வருவோம்.

நீங்கள் இயற்பியல் எடுக்கவில்லை. அதனால் கட்டுமானப் பொறியியல் படித்து ஜே.பி.எஸ்.ஸில் கடலோரப் பொறியாளராகும் வழி உங்களுக்குச் சுற்றுவழிதான், அதை இப்போதைக்கு விட்டுவிடலாம். உயிரியல், வேதியியல், கணிதத்துக்கு நேராகத் திறந்திருக்கும் கதவுகள் மூன்று: திரெங்கானு பல்கலைக்கழகத்தின் கடல்சார் படிப்புகள், செர்டாங்கில் புத்ரா பல்கலைக்கழகத்தின் வனவியல் படிப்புகள், பல பல்கலைக்கழகங்களில் இருக்கும் சுற்றுச்சூழல் அறிவியல். பினாங்கு அறிவியல் பல்கலைக்கழகத்துக்கு மூக்கா ஹெட்டில் கடல் ஆய்வு நிலையம் இருப்பதால் உயிரியல் பக்கம் போகிறவர்களுக்கு அதுவும் நல்ல இடம். என்னைக் கேட்டால் உங்களுக்கு வனவியல் அல்லது சுற்றுச்சூழல் அறிவியலைச் சொல்வேன். கடல் உயிரியல் அழகான படிப்பு. ஆனால் அதைப் படித்துவிட்டு வரும் பலருக்கு நண்டையும் சிப்பியையும் அடையாளம் தெரிகிறது, நிலத்தின் மட்டம் எடுக்கத் தெரிவதில்லை. நம் வேலையில் மட்டம் தெரியாமல் எதையும் தொடங்க முடியாது.

எந்தப் படிப்பில் சேர்ந்தாலும் நில அளவை, நீரியல், புவியியல் தகவல் முறைமை ஆகிய பாடங்களைத் தேடிப்பிடித்து எடுத்துக்கொள்ளுங்கள். கியூ.ஜி.ஐ.எஸ். என்ற வரைபட மென்பொருள் இலவசம், முடிவு வரும்வரை வீட்டிலிருந்தே பழகலாம். பழைய வான்படத்தையும் இன்றைய செயற்கைக்கோள் படத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, ஜெராம் கரை எவ்வளவு உள்ளே வந்திருக்கிறது என்று கோடு போடத் தெரிந்த ஒரு பட்டதாரியை நான் நாளைக்கே வேலைக்கு எடுத்துக்கொள்வேன். ட்ரோன் பறக்கவிடக் கற்றுக்கொள்வதும் நல்லதுதான், அனுமதி விதிகளைத் தெரிந்துகொண்டு செய்யுங்கள். ஆனால் ட்ரோன் படம் காட்டின் தலையைத்தான் காட்டும். மண்ணின் மட்டத்தைக் காலால் நடந்து அளக்க வேண்டும்.

வேலை எங்கே கிடைக்கும் என்று கேட்டீர்கள். அரசாங்கத்தில் வனத்துறை, மீன்வளத்துறை, சுற்றுச்சூழல் துறை, ஜே.பி.எஸ்., செரி கெம்பாங்கானில் இருக்கும் நாரிம் நீர் ஆய்வுக்கழகம். பொதுச் சேவை ஆணையத்தின் வழியாகப் போகும் வேலைகளுக்குக் காத்திருப்பு நீளம், ஆனால் கிடைத்துவிட்டால் நிலையானது. தனியார் பக்கத்தில் சுற்றுச்சூழல் ஆலோசனை நிறுவனங்கள். 1974ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின்படி, பெரிய அளவில் கடலைத் தூர்க்கவோ அலையாத்தி நிலத்தை மாற்றவோ நினைக்கிறவர்கள் பாதிப்பு மதிப்பீட்டு அறிக்கை கொடுக்க வேண்டும். அதற்குக் களத்தில் போய் மரம், பறவை, மீன், மண், நீர் எல்லாவற்றையும் கணக்கெடுக்க ஆள் வேண்டும். என்னுடைய வருமானத்தில் பெரும்பகுதி இதிலிருந்துதான் வருகிறது. இதில் மனத்துக்குக் கஷ்டமான பக்கமும் உண்டு. அழியப்போகும் ஒரு காட்டை நீங்களே எண்ணிக் கொடுக்க வேண்டியிருக்கும். எண்ணியதை உள்ளபடி எழுதும் துணிவு இருந்தால் அந்த அறிக்கையே காட்டைக் காப்பாற்றவும் கூடும். சம்பளம் கொடுக்கிறவர் விரும்புவதை எழுதத் தொடங்கினால் இந்தத் துறையில் இருப்பதற்கே பொருளில்லை.

தோட்ட நிறுவனங்களையும் மறக்காதீர்கள். செம்பனை எண்ணெய்க்கான எம்.எஸ்.பி.ஓ. எனும் நிலைத்தன்மைச் சான்றிதழ் 2020 ஜனவரி முதல் கட்டாயம். ஏற்றுமதிக்காக ஆர்.எஸ்.பி.ஓ. எனும் அனைத்துலகச் சான்றிதழும் பல நிறுவனங்கள் வைத்திருக்கின்றன. ஆற்றோர நிலத்தை விட்டுவைத்திருக்கிறார்களா, ஈரநிலத்தை எப்படிப் பராமரிக்கிறார்கள் என்று பார்க்க அவர்களுக்குச் சுற்றுச்சூழல் அதிகாரிகள் தேவை. மண்கரைக்கு உள்ளே நடப்பதை மாற்றாமல் வெளியே இருக்கும் காட்டைக் காப்பாற்ற முடியாது. காலையில் தோட்டத் தொழிலாளர்கள் கூடும் பெரட்டுக் களத்தில் நிற்கிறவர்களின் மொழியில் பேசத் தெரிந்த ஒருவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் நிறைய செய்யலாம்.

அரசு சாரா அமைப்புகளில் மலேசிய இயற்கைக் கழகத்தை உங்களுக்குத் தெரிந்திருக்கும், கோலசிலாங்கூர் இயற்கைப் பூங்காவை 1987 முதல் நடத்துகிறவர்கள். உலகச் சுற்றுச்சூழல் மையமும் வெட்லண்ட்ஸ் இன்டர்நேஷனலும் கடலோரச் சதுப்புகளில் வேலை செய்கின்றன. பினாங்கில் கரையோர மீனவர்களின் சங்கமே பல வருடமாகக் காடு வளர்த்து வருகிறது. சகாபாட் ஆலாம் மலேசியாவை எஸ்.எம். முகமது இட்ரிஸ் 2019இல் மறையும்வரை வழிநடத்தினார், அவருக்குப் பின் வழக்கறிஞர் மீனாட்சி ராமன் நடத்தி வருகிறார். கரையோர மீனவர்களுக்காக அவர்கள் பேசிவருவதைத் தேடிப் படியுங்கள். நம் ஆள்கள் இந்தத் துறையில் இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் இந்த அமைப்புகளில் வேலை பெரும்பாலும் ஓராண்டு, ஈராண்டு ஒப்பந்தம். நிதி முடிந்தால் வேலையும் முடியும். வீட்டில் கடன் இருந்தால், தம்பி தங்கை படித்துக்கொண்டிருந்தால், முதல் சில வருடங்களுக்கு ஆலோசனை நிறுவனத்திலோ தோட்ட நிறுவனத்திலோ இருந்துவிட்டு வருவதுதான் நல்லது. அதில் தாழ்வு ஒன்றும் இல்லை.

பெண் என்பதால் ஒன்று சொல்ல வேண்டும், இதை வேறு யாரும் உங்களுக்குச் சொல்ல மாட்டார்கள். களத்தில் கழிப்பறை இருக்காது. கடல் இறங்கும் நேரம்தான் வேலை நேரம், அது விடிகாலையாகவும் இருக்கும். மாதவிடாய் நாள்களில் இடுப்புவரை சேற்றில் நிற்பது கொடுமை. குழுத் தலைவரிடம் வெட்கப்படாமல் பேசுங்கள், அன்றைக்குப் படகில் உட்கார்ந்து குறிப்பெடுக்கும் வேலையைக் கேட்டு வாங்குங்கள். தனியாக ஒருபோதும் சேற்றுக்குள் போகாதீர்கள். எந்த மணிக்குத் தண்ணீர் திரும்பும் என்று பார்க்காமல் வண்டியை விட்டு இறங்காதீர்கள். ஏற்றநீர் நீங்கள் வந்த பாதையைப் பின்னாலிருந்து வந்து மூடும். மீனவர்களுக்கு இது தெரியும், பட்டணத்திலிருந்து வரும் மாணவர்களுக்குத் தெரியாது.

காடு பற்றி இவ்வளவு சொன்னேன். மண்கரைக்கு உள்ளே இருக்கும் மனிதர்களைப் பற்றி உங்கள் கடிதத்தில் கேள்வியே இல்லை. எனக்கு இந்தத் துறையில் மிகவும் முக்கியமாகப் படுவது அதுதான்.

அலையாத்திக் காடு அலையின் வேகத்தைக் குறைக்கும், வெள்ளத்தை முழுக்கத் தடுத்துவிடாது. பெரிய ஏற்றம் இருக்கும் நாளில் மதகை அடைத்துத்தான் வைக்க வேண்டும். அன்றைக்கே கனமழையும் பெய்தால் உள்ளே விழும் தண்ணீர் போக வழியில்லாமல் தாழ்ந்த இடத்தில் நிற்கும். தாழ்ந்த இடத்தில் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். பழைய லயத்து வீடுகள், தோட்டம் துண்டாடப்பட்ட பிறகு மலிவாகக் கிடைத்த நிலத்தில் கட்டிய வீடுகள், வெளிநாட்டுத் தொழிலாளர்களின் குடியிருப்புகள். 2021 டிசம்பர் மழையில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடா மூழ்கியபோது மக்கள் மேல்மாடியிலும் கூரையிலும் சாப்பாடில்லாமல் காத்திருந்ததை நீங்கள் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். அந்த வெள்ளத்தில் நாடு முழுவதும் 50க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். நட்மா எனும் தேசியப் பேரிடர் நிர்வாக நிறுவனம் 2015 முதலே இருக்கிறது. ஆனாலும் முதல் சில மணி நேரத்தில் பலரைக் காப்பாற்றியது பக்கத்து வீட்டுக்காரரும் சொந்தப் படகோடு வந்தவர்களும்தான்.

அதனால் ஒரு கடலோர ஊர் தாங்கி நிற்குமா என்பதை நான் கன்றுகளை வைத்துப் பார்ப்பதில்லை. சின்னச் சின்னக் கேள்விகளை வைத்துத்தான் பார்க்கிறேன். எச்சரிக்கை மலாயில் குறுஞ்செய்தியாக வருகிறது, அதைப் படிக்கத் தெரியாத பாட்டிக்கு யார் போய்ச் சொல்வார்கள்? படுத்த படுக்கையாக இருப்பவர்களின் பட்டியல் யாரிடம் இருக்கிறது? டயாலிசிஸுக்குப் போகிறவரை எந்த வழியாக வெளியே கொண்டுபோவது? நிவாரண மையமாகும் பள்ளி மண்டபமே தாழ்ந்த இடத்தில் இருக்கிறதா? கோயில் மண்டபத்தின் சாவி யாரிடம்? பாசிர் பெனம்பாங் சீன மீனவர்களிடம் படகு இருக்கிறது, அவர்களின் தொலைபேசி எண் தோட்டத்தில் யாரிடமாவது இருக்கிறதா? பதிவில் பெயரில்லாத வங்காளதேசத் தொழிலாளி எந்தக் கணக்கில் வருவார்? இவற்றைக் கேட்டு எழுதி, மாவட்ட அலுவலகத்திலும் பொதுத் தற்காப்புப் படையிலும் கொண்டுபோய்க் கொடுத்து, ஆண்டுக்கு ஒருமுறை மக்களோடு ஒத்திகை பார்ப்பதும் இந்தத் துறையின் வேலைதான். இப்போது பல திட்டங்களில் இதற்குத் தனியாக நிதியும் ஆளும் ஒதுக்குகிறார்கள். தமிழும் மலாயும் சரளமாகப் பேசி, கொஞ்சம் சீனமும் புரிந்துகொள்கிறவர் கிடைப்பது அரிது. நீங்கள் அப்படி ஒருவராக வர முடியும்.

இதில் பிழைப்பையும் சேர்த்தே பார்க்க வேண்டும். காட்டை மீட்கிறோம் என்று வேலி போட்டு மீனவரையும் நண்டு பிடிப்பவரையும் வெளியே தள்ளிய திட்டம் நின்று நான் பார்த்ததில்லை. நாற்றுப்பண்ணையைக் கரையோரப் பெண்களிடமே கொடுத்து, கன்றுக்கு நியாயமான விலை கொடுத்து, பிழைத்த கன்றுக்கு இரண்டாம் தவணை கொடுக்கும் திட்டங்களில் காவலுக்கு ஆளே போட வேண்டியதில்லை. பேராவில் மாத்தாங் காட்டைப் பாருங்கள். சுமார் 40,000 ஹெக்டர், நூறு வருடத்துக்கும் மேலாகத் திட்டமிட்டு வெட்டி வளர்க்கிறார்கள். 30 வருடச் சுழற்சி. கோல செப்பேத்தாங் கரிச்சூளைகளுக்கு மரம் அங்கிருந்துதான் போகிறது. வெட்டுவதால் பறவையினங்களுக்கு நட்டம் என்று சொல்கிறவர்கள் உண்டு, அதில் உண்மையும் இருக்கிறது. ஆனால் அதை நம்பிப் பிழைக்கும் குடும்பங்கள் இருந்ததால்தான் அந்தக் காடு இன்னொன்றாக மாறாமல் இருக்கிறது என்பது என் கருத்து. கார்பன் கணக்கை வைத்துக் காட்டுக்குப் பணம் வரும் என்று இப்போது நிறையப் பேசுகிறார்கள். அந்தப் பணத்தில் கரையில் இருக்கிறவருக்கு எவ்வளவு போகிறது என்று கேட்டுவிட்டுப் பிறகு நம்புங்கள்.

ஜாவாவில் டெமாக் கரையில் நடந்தது ஓர் எச்சரிக்கை. கிளைகளைக் கட்டி நீர் ஊடுருவும் வேலிகள் அமைத்து, சேறு படியவைத்துக் காட்டை மீட்க நல்ல நிபுணர்கள் பல வருடம் உழைத்தார்கள். சில இடங்களில் சேறும் படிந்தது. ஆனால் பக்கத்து நகரமும் தொழிற்சாலைகளும் நிலத்தடி நீரை உறிஞ்சியதில் நிலமே கீழே இறங்கிக்கொண்டிருந்தது. கடலோரத்தில் செய்வதை உள்நாட்டில் நடப்பது அழித்துவிடும். அதனால்தான் தண்ணீர், நிலம், மனிதர் மூன்றையும் சேர்த்துப் படித்தவர்கள் இங்கே தேவைப்படுகிறார்கள்.

அப்பாவைப் பற்றி. "சேற்றில் இறங்கவா உன்னைப் படிக்க வைத்தேன்" என்று அவர் கேட்பது கோபத்தில் இல்லை. சேற்றில் நின்றவர்களுக்கு எவ்வளவு சம்பளம் கிடைத்தது, எப்படி நடத்தப்பட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். அந்தப் பயத்துக்குப் பெரிய பேச்சுகளால் பதில் சொல்ல முடியாது. விவரத்தால்தான் சொல்ல முடியும். இந்தப் படிப்பு எத்தனை வருடம், முடித்தால் எந்தப் பதவிக்கு விண்ணப்பிக்கலாம், கரை வேலை கிடைக்காவிட்டால் இதே பட்டத்தை வைத்துச் சுற்றுச்சூழல் துறையிலோ தோட்ட அலுவலகத்திலோ எங்கே போகலாம் என்று ஒரு தாளில் எழுதி அவர் முன்னால் வையுங்கள். அதோடு, மதகைப் பற்றி அவரிடம் கேளுங்கள். கற்றுக்கொள்வதற்காகவே கேளுங்கள். எந்த ஏற்றத்துக்கு எத்தனை மணிக்கு அடைக்கிறார், எப்படி முடிவெடுக்கிறார், கடந்த பத்து வருடத்தில் எது மாறியிருக்கிறது. ஏற்ற அட்டவணையையும் ஜே.பி.எஸ்.ஸின் பப்ளிக் இன்ஃபோ பஞ்சிர் எனும் வெள்ளத் தகவல் இணையப்பக்கத்தில் வரும் ஆற்று மட்டத்தையும் அவர் சொல்வதோடு ஒப்பிட்டுத் தினமும் ஒரு நோட்டில் குறித்துவையுங்கள். முடிவு வருவதற்குள் உங்களிடம் சொந்தமாக ஒரு பதிவு இருக்கும். நேர்முகத் தேர்வில் அதை எடுத்து வைத்தால் சான்றிதழ்களைவிட அதைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

தாதியர் படிப்பையும் நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். நோயாளியைப் பார்த்துக்கொள்வதில் உங்களுக்கு உண்மையான ஈடுபாடு இருந்தால் அதையே எடுங்கள். வெள்ளம் வந்த ஊருக்கு முதலில் வேண்டியவர்களில் தாதியும் ஒருவர். ஆனால் வேலை நிச்சயம் என்பதற்காக மட்டும் போவதாக இருந்தால் கொஞ்சம் பொறுங்கள். அந்த வேலையும் மனமில்லாமல் செய்யக்கூடியது இல்லை.

இந்த மாதத்தில் செய்ய வேண்டியவை சில. மூயெட் ஆங்கிலத் தேர்வில் உங்கள் புள்ளி போதவில்லை என்று தோன்றினால் மறுபடி எழுதப் பதிந்துகொள்ளுங்கள். இந்தத் துறையில் அறிக்கைகள் மலாயிலும் ஆங்கிலத்திலும்தான் எழுதப்படுகின்றன. அரசாங்கப் பல்கலைக்கழகச் சேர்க்கைக்கான யூ.பி.யூ. விண்ணப்பத்தில் 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கைக்கு உண்டு, பள்ளியில் கன்று நட்டதற்குச் சான்றிதழ் கொடுத்திருந்தால் அதையும் சேர்க்க முடியுமா என்று பள்ளியில் கேட்டுப் பாருங்கள். கோலசிலாங்கூர் இயற்கைப் பூங்காவில் தன்னார்வலராகச் சேர முடியுமா என்று நேரில் போய்க் கேளுங்கள். நீச்சல் தெரியாவிட்டால் இப்போதே கற்றுக்கொள்ளுங்கள், இதைத் தள்ளிப்போட வேண்டாம். எஸ்.டி.பி.எம். முடிவு வந்ததும் உங்கள் புள்ளிகளையும், நீங்கள் தேர்ந்தெடுத்த படிப்புகளின் பட்டியலையும் எனக்கு எழுதி அனுப்புங்கள். எதை முதலில் போடுவது, எதைப் பின்னால் தள்ளுவது என்று சேர்ந்து உட்கார்ந்து பார்த்துவிடலாம்.